வெயில் படாத பிள்ளை

1986 செப்டெம்பர் 12, வெள்ளிக்கிழமை. விடியுமுன் எழுந்து வளவுக் கிணற்றில் அள்ளி முகம் கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் உதவும். வாயில் வைக்க முடியாது. குசினியில் மூடி வைத்திருந்த நல்ல தண்ணீரில் தேநீருக்கு வேண்டியதை மட்டும் வார்த்து எடுத்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் முற்றம் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்குச் செவ்வரத்தம் பூ வைத்தேன். பிட்டு அவித்தேன். மச்சாளின் காலுக்குப் பூசும் எண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தேன். ஏழு மணிக்குப் பாடசாலைக்குப் புறப்பட்டேன். ஆறாம் வகுப்பு ஆசிரியை அன்றும் வரவில்லை. இரண்டு வகுப்புகளை ஒன்றாக இருத்திப் பின்னக் கணக்குப் படிப்பித்தேன். பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் சோறும் சாப்பிட்டோம். பிறகு கொப்பிகள் திருத்த உட்கார்ந்தேன்.

இவ்வளவும் அன்றைய டயறியில் உள்ளபடி. அன்று பின்னேரம் வீட்டுக்கு ஒருவர் வந்து போனதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது முறையாக எழுதுகிறேன். அதற்கு முந்திய வருடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் அப்போது புங்குடுதீவில், மடத்துவெளிப் பக்கத்தில் இருந்தோம். வீட்டில் மூன்று பெண்கள். நான் ஒருத்தி. என் மகள் ஒருத்தி. பதினெட்டு வயது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். மற்றவர் என் கணவரின் அக்கா. அவரைத்தான் மச்சாள் என்று சொல்கிறேன். மணம் முடிக்காதவர். வாதத்தால் ஒரு கால் வீங்கி, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடப்பவர். என் கணவர் சவூதியில் வேலை செய்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் சீமெந்து வீட்டைக் கட்டி முடித்தோம். கடல் பார்த்த பக்கத்தில் இரண்டு பெரிய யன்னல்கள் வைத்தோம். வைத்த வருடத்திலேயே அவற்றைப் பூட்டவும் வேண்டி வந்தது.

1985இல் ஒரு நாள் கடற்படைப் படகிலிருந்து கரையை நோக்கிச் சுட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் பெண்பிள்ளைகளை வெளியில் காண்பது அரிதாகிப் போனது. பயம் கடலிலிருந்து மட்டும் வரவில்லை. என் மகளோடு படித்த பிள்ளை ஒன்று ஒரு நாள் ரியூசனுக்கென்று போய்த் திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு அறிந்தோம். அதைக் கேள்விப்பட்டதும் என் கணவர் அங்கிருந்து எழுதினார்: பரீட்சை எழுதப் போவதைத் தவிர வேறு எதற்கும் பிள்ளையை வேலிப் படலை தாண்ட விடவேண்டாம். நானும் அப்படியே நினைத்தேன். வெளியில் இருந்தது அவ்வளவும் ஆபத்து. உள்ளே இருந்தால் பிள்ளை உயிரோடு இருக்கும். இந்தக் கணக்கில் பிழை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அவள் ஒரு முரண்டும் பண்ணவில்லை. முன் அறையில் கட்டிலும் மேசையும் ரேடியோவும் இருந்தன. படித்தாள். தைத்தாள். வானத்தில் ஆமியின் ஹெலிகொப்டர் கேட்டால் நாங்கள் சொல்லுமுன்னரே வந்து நடு அறையின் மூலையில் குந்தினாள். பரீட்சை முடிந்த பிறகு படிக்கவும் ஒன்றும் இல்லாமல் போனது. முதலில் நித்திரை போனது. நான் எந்த நேரம் புரண்டு படுத்தாலும் அவளுடைய கண் திறந்திருக்கும். பிறகு சாப்பாடு போனது. இரண்டு வாய் சோற்றைப் பிசைந்து பிசைந்து கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள். தலை வாரினால் சீப்பு நிறைய மயிர் வந்தது. மாதவிலக்குத் தவறியது. கிணற்றடிக்குப் போய் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று சுவரில் சாய்வாள். கேட்டால், "ஒண்டுமில்லையம்மா, சும்மா அலுப்பு" என்பாள். என்ன வேலை செய்து அலுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். டொக்டர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தம் குறைவு என்றார். குளிசையும் ரொனிக்கும் தந்தார். "பிள்ளையைக் கொஞ்சம் நடக்க விடுங்கோ" என்றும் சொன்னார். சொல்லிவிட்டு யன்னலால் வெளியே பார்த்தார். எங்கே நடக்க விடுவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குளிசையை ஒழுங்காகக் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் எல்லாருடைய கண்ணுக்கும் பட்டது. பிள்ளை வெளுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கறுப்பு. அவளும் சின்ன வயதில் வெளியெல்லாம் ஓடித் திரிந்த கறுப்புப் பிள்ளைதான். இப்போது முகமும் கையும் பனங்குருத்து மாதிரி ஆகின. மச்சாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தீரே, நிறம் வந்திட்டுது" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொன்னார். "வெயில் படாமல் வைச்சிருந்ததுக்குப் பலன் கிடைச்சிருக்கு."

வந்தவர்களும் ஓம் ஓம் என்றார்கள். கல்யாண வயதில் உள்ள பெண்ணுக்கு நிறம் வந்தால் எங்கள் ஊரில் அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. நான் கூட, டொக்டர் சொன்ன இரத்தக் குறைவையும் மச்சாள் சொன்ன நிறத்தையும் இரண்டு வேறு விடயங்களாகவே மனதில் வைத்திருந்தேன். ஒன்றுக்கு மருந்து கொடுத்தேன். மற்றதைப் பார்த்து உள்ளுக்குள் ஆறுதல் பட்டேன்.

1986 தை மாதம் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்தோம். சம்பந்தம் பேசத்தான். பஸ்ஸில் போகும்போதே இரண்டு முறை சத்தி எடுத்தாள். ஸ்ரூடியோவில் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். படத்தில் அது ஒன்றும் தெரியவில்லை. ஒடுங்கிய முகமும் பெரிய கண்ணும் வெள்ளை நிறமுமாக ஒரு பிள்ளை நின்றது. அந்தப் படத்தைப் பார்த்துச் சுருவில் கிராமத்தில் ஒரு குடும்பம் சம்மதித்தது. மாப்பிள்ளை ஜேர்மனியில். தாய் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை என்று விசாரித்து அறிந்தோம். கடுதாசி வேலைகள் முடிந்ததும் கொழும்பால் அனுப்புவதாகப் பேச்சு. ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகலாம். பிள்ளை இந்தச் சூட்டுச் சத்தத்தை விட்டுத் தூரப் போய்விடும் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

இனி, தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நல்ல தண்ணீர் ஒரு வண்டில்காரர்தான் கொண்டு வந்து தருவார். பீப்பாவை மாட்டு வண்டிலில் ஏற்றி வந்து வீட்டுக்கு வீடு அளந்து ஊற்றுவார். வசதி உள்ள வீடுகள் அவரிடம் எடுக்கும். மற்ற வீட்டுப் பெண்கள் பின்னேரம் கூட்டமாகக் குடத்தோடு வெட்டவெளிக்கு அப்பால் உள்ள நன்னீர்க் கிணற்றுக்குப் போவார்கள். ஆடி பிறந்து சில நாட்களில் வண்டில்காரர் குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். போகப் போவதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மாட்டை அவிழ்த்து விட்டிருந்தார். அது இரண்டு நாள் எங்கள் வேலியோரம் நின்று மேய்ந்தது.

முதலில் நானே தண்ணீருக்குப் போனேன். பாடசாலையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வெளியைக் கடந்து போய், காத்திருந்து நிறைத்து, திரும்பி வந்து சமைப்பது. ஒரு கிழமை தாங்கினேன். பிறகு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சரிந்து நடந்தேன். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வடக்கு வளவில் இருந்தவர் நாலு பிள்ளைகளின் தாய். தண்ணீருக்குப் போகும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி மாதிரி. வேலிக்கு மேலால் என்னைப் பார்த்து, "ரீச்சர், நண்டு மாதிரி நடக்கிறியள். உங்கடை பிள்ளையை விடுங்கோவன், நான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

"அவளுக்கு ஏலாதக்கா. படியேறினாலே மூச்சு வாங்குது."

"அப்ப ஆர் போறது? மச்சாளோ?"

உள்ளேயிருந்து மச்சாள் கேட்டுக்கொண்டிருந்தார். "குமர்ப் பிள்ளையை வெளிக்கு விடுறதே? ஹெலி திரியுற நேரத்திலை? பேசி வைச்ச பிள்ளையை?"

"உங்கடை பிள்ளைக்கு மட்டுமே ஹெலி வருது?" என்றார் வடக்கு வளவு அக்கா. "என்ரை மூத்தவளும்தான் வாறாள். அவளும் குமர்தான். நான் என்ன, அவளைத் தெருவிலையே பொறுக்கினனான்?"

எனக்கு வாதாட உடம்பில் பலம் இருக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை, அதுதான் நிலைமை. அன்று பின்னேரம் அவளைச் சின்னக் குடம் ஒன்றோடு அனுப்பினேன். படலையில் நின்று பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் தட்டுத் தடுமாறிப் போனாள். வரும்போது குடத்தில் பாதிதான் இருந்தது. மீதி அவளுடைய பாவாடையில் இருந்தது. வந்ததும் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தவள், சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழும்பவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். நித்திரைதான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த நித்திரை.

அடுத்த நாள் காலும் கையும் நோகிறது என்று அழுதாள். இருந்தாலும் போனாள். பிறகு நோவைப் பற்றிய பேச்சே இல்லை. மூன்றாம் கிழமை போல் பெரிய குடத்தைக் கேட்டாள்.

என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை நானும் பின்னால் போனேன். ஆவணி வெயில். சோளகக் காற்று வெளியில் தடையில்லாமல் அடித்தது. கல்லும் காய்ந்த புல்லுமான அந்த நிலத்தில் நின்றால் நாலு பக்கமும் வானம்தான். ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்களைக் கண்டுவிட்டுக் கத்திக்கொண்டே கூட வந்தது. தாழம்பற்றை தாண்டி இளம்பனை வடலிகளுக்கு நடுவில் கிணறு. அந்த மாதத்தில் ஊற்று மிக மெதுவாகத்தான் வரும். ஒருவர் அள்ளினால் அடுத்தவர் நீர் ஊறும் மட்டும் காத்திருக்க வேண்டும். அதனால் குடங்களை வந்த ஒழுங்கில் வரிசையாக வைத்துவிடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்றதற்குச் சமம். குடங்கள் வரிசையில் நிற்கும். பெட்டைகள் கரைப்பக்கம் போய்க் காலை நனைப்பார்கள், விழுந்த பனம்பழம் பொறுக்குவார்கள், வடலி நிழலில் படுத்துக் கதைப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே சண்டை.

"ஆற்றை குடமடி இது? கடைசியிலை கிடந்தது முன்னுக்கு வந்து நிக்குது?" என்று வடக்கு வளவு அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அது தானா நடந்து வந்ததக்கா. கால் முளைச்சிருக்கு."

"முளைச்ச காலை முறிப்பன்."

"முறியுங்கோ. ஆனால் தண்ணியை நிறைச்சுப்போட்டு முறியுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். கால் முளைத்த குடத்தின் சொந்தக்காரி என் மகள். நான் வடலிக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அவளுடைய குரல் இவ்வளவு உரத்து வரும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. வீட்டில் நாங்கள் மூவரும் ஒரு வருடத்துக்கு மேலாகக் குசுகுசுத்துத்தான் பேசியிருக்கிறோம். சத்தம் போட்டால் கடலுக்குக் கேட்கும் என்பது போல.

வீட்டுக்கு அவள் பனம்பழம் கொண்டு வந்து அடுப்பில் சுட்டாள். முகமெல்லாம் மஞ்சள் ஒழுக உறிஞ்சித் தின்றாள். "பேசி வைச்ச பிள்ளை தின்னுற தீனைப் பார்" என்று மச்சாள் ஏசினார். சுடச்சுட ஒரு துண்டு நீட்டியபோது வாங்கித் தின்றார். கோப்பையில் சோறு ஒதுக்குவது நின்றது. மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. சீப்பில் மயிர் குறைந்தது. குளிசை முடிந்து போனதை நான் பிந்தித்தான் கவனித்தேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் அவர்கள் கிணற்றடியில் நிற்கும்போது ஹெலி தாழப் பறந்தது. எனக்கு வீட்டில் கேட்டது. படலைக்கு ஓடினேன். நன்றாகப் பொழுதுபட்டுச் செக்கலான பிறகு கூட்டம் வந்தது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விடாமல் சொன்னாள்:

"அம்மா, எல்லாரும் வடலிக்குள்ளை விழுந்திட்டம். வடக்கு வளவு அக்கா மட்டும் வெறுங்குடத்தைத் தலையிலை கவிட்டுக்கொண்டு கிடந்தா. ஏனக்கா எண்டு கேட்டால், மேலை இருக்கிறவனுக்குக் குடம்தான் தெரியும், தலை தெரியாதாம். பிறகு குடம் கழண்டு வரேல்லை! நாங்கள் ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தனாங்கள்."

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் சிரிக்கவில்லை. அவளுடைய முழங்காலில் வடலிக் கருக்கு கீறியிருந்ததைக் கழுவி மருந்து போட்டேன். இதே சத்தத்துக்கு வீட்டு மூலையில் குந்தியிருந்து காதைப் பொத்தியவள், விடியும் மட்டும் முழித்துக் கிடந்தவள், அன்று சாப்பிட்டுவிட்டு உடனே நித்திரை ஆனாள். ஆபத்து வெளியில்தான் அதிகம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வெளியில் அவளுக்கு ஓட இடம் இருந்தது, விழ நிலம் இருந்தது, எழும்பிய பிறகு நிறைத்துக்கொண்டு வர ஒரு குடம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தது காது மட்டும்தான். அதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

அன்று மச்சாள், இனிமேல் பிள்ளை போகக்கூடாது என்று என்னிடம் சொன்னார். நான், ஊர் முழுக்கப் போகிறதே, தண்ணீருக்கு என்ன செய்வது என்றேன். அவர் அவளுடைய கையைப் பிடித்து இழுத்து விளக்கருகில் காட்டினார்.

"உயிர்ப் பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும். இதைப் பாரும். பொரிச்ச ஒடியல் மாதிரி. வருசம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைச்ச நிறம்."

உண்மைதான். அவள் பழையபடி கறுத்துவிட்டாள். வெயிலோடு இரத்தமும் வந்திருந்தது, கன்னம் மினுங்கியது. ஆனால் கறுப்புக் கறுப்புத்தான்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. மாப்பிள்ளையின் தாய். சுருவிலிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கையில் குடை, கடைப் பையில் பழம். முன்னறிவித்தல் இல்லை. அவர் என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். கடுமையான ஆளும் அல்ல. கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தேன்.

"பிள்ளை எங்கை?"

"தண்ணிக்குப் போயிட்டாள் அக்கா."

"தண்ணிக்கோ? உங்களுக்கு வண்டிலிலை எல்லே வாறது எண்டு சொன்னனீங்கள்?"

மச்சாள் முந்திக்கொண்டு, "இண்டைக்கு மட்டும்" என்றார். அதைச் சொல்லி வாய் மூடுமுன்னரே அவள் வந்துவிட்டாள். இடுப்பில் பெரிய குடம், கலைந்த தலை, புழுதிக் கால், வியர்வை. வந்திருப்பவர் யார் என்று கண்டதும் குடத்தை இறக்காமலே, "வாங்கோ மாமி" என்று சிரித்தாள். குடத்தோடு குசினிக்குள் போனாள்.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார்.

"படத்திலை இருக்கிற பிள்ளையும் உதுவும் ஒண்டுதானோ?"

"ஒரு மாசம் உள்ளுக்கு இருந்தால் நிறம் திரும்பிடும்" என்றார் மச்சாள். "இது வெயில் நிறம், பிறவி நிறமில்லை."

"அதுதான் நானும் சொல்லப்போறன். குறை விளங்காதையுங்கோ. மோன் உந்தப் படத்தைத்தான் கூட்டாளிப் பெடியளுக்கெல்லாம் காட்டி வைச்சிருக்கிறான். தை வரும் மட்டும் பிள்ளையை வெளியிலை விடாதையுங்கோ. தையிலை இன்னொரு படம் எடுத்து அனுப்புவம். பிறகு ஒரு கதையும் இல்லை, கொழும்பாலை ஏத்திறதுதான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தை வர நாலு மாதம் இருந்தது. சொல்வது பெரிய காரியம் இல்லை. ஓம் என்றால் போதும். பிள்ளை ஜேர்மனிக்குப் போகும். ஹெலி இல்லாத ஊர். இந்தத் தீவில் அதை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு தாயும் இல்லை. ஆனால் அந்த நாலு மாதமும் என் கண் முன்னால் வந்து நின்றது: பூட்டிய யன்னல், திறந்த கண், ஒதுக்கிய சோறு. அதைத் திரும்பவும் பக்கத்தில் இருந்து பார்க்க என்னிடம் பலம் மிச்சம் இல்லை. இதைத் துணிவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"ஏலாதக்கா" என்றேன்.

"என்ன ஏலாது?"

"உள்ளுக்கு வைச்சிருக்க ஏலாது. அந்தப் படம் எடுக்கேக்கை அவளுக்கு வருத்தம். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். அது நிறமில்லை அக்கா, இரத்தமில்லாமல் வந்த வெளிறல். இப்பதான் சுகப்பட்டிருக்கிறாள்."

"நித்திரை வராததுக்கே ஒரு சம்பந்தத்தை விடுறியள்?"

"நான் விடேல்லை. படம் வேணுமெண்டால் நாளைக்கே போய் எடுக்கலாம். இருக்கிற மாதிரி."

"இந்த நிறத்திலையோ?"

அவர் படத்தைப் பைக்குள் வைத்தார். "மோனோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். எழுந்தவர், பஸ்ஸுக்கு நடக்க வேண்டும் என்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். மகள் கொண்டு வந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி பிள்ளை" என்று அவளுடைய முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தார். இன்னும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தார். படலை வரை போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மகள் குசினி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, நான் தை வரும் மட்டும் உள்ளுக்கு இருப்பன். நாலு மாசம்தானே."

"இருப்பாய். பிறகு?"

"பிறகு ஜேர்மனி."

"அங்கையும் மாசக்கணக்கிலை குளிராம், வெளியிலை போகேலாதாம். போற இடத்திலை என்ன கிடைக்குமோ எனக்குத் தெரியாது. இஞ்சை இருக்கிற மட்டும் போய் வா."

அவள் சந்தோசப்பட்டாளோ வருத்தப்பட்டாளோ என்று எனக்குத் தெரியவில்லை. அரிசியை எடுத்துக் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

மச்சாள்தான் கனநேரம் கதிரையை விட்டு எழவில்லை. நான் தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போனபோது, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"உமக்கு விளங்காது. நீர் படிச்சு உத்தியோகம் எடுத்தனீர். என்னை மூண்டு இடத்தாலை வந்து பாத்தவை. மூண்டும் நிறத்தாலைதான் போனது. முதலாவது ஆள் தேத்தண்ணி கூடக் குடிக்கேல்லை."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்து அவருடைய வீங்கிய காலைத் தூக்கி முக்காலியில் வைத்தேன்.

"தம்பிக்கு எழுதத்தான் போறன்" என்றார்.

"எழுதுங்கோ மச்சாள்" என்றேன்.

சாப்பிட்டதும் படுத்துவிட்டேன். சரியானதைச் செய்தேன் என்ற நிறைவு வரவில்லை. ஒரு நல்ல இடத்தைத் தள்ளிவிட்டேன் என்ற பயம் இருந்தது. அதைவிடக் கூடுதலாகக் கால் உளைச்சல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் முகம் கழுவிவிட்டு, தேநீர் வைக்குமுன், மேசையில் எயர்மெயில் தாளை விரித்தேன். மச்சாள் எழுதினால் ஞாயிறு மாலைதான் எழுதுவார். என்னுடையது முந்திப் போய்ச் சேர வேண்டும். முன் அறையில் மகள் சுவர்ப்பக்கம் திரும்பி அயர்ந்து கிடந்தாள். திகதியைப் போட்டேன். பிள்ளை நன்றாக நித்திரை கொள்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகக் கறுத்துவிட்டாள் என்று கணவருக்கு எழுதத் தொடங்கினேன்.